வசனத்தில் எல்லாம் வெளிப்படையாக வந்துவிடுகிறது, என்ன செய்ய?

மைக்கூடு: கதையில் தம்பதி சண்டை. "நீ என்னை மதிக்கறதே இல்லை" என்று அவளே சொல்லிவிடுகிறாள். அந்த வரியை வெட்டினால் படிப்பவருக்குப் புரியவில்லை. உணர்த்துவது எப்படி?

அரைப்புள்ளி: வெட்டினது சரி, முன்னால் எதுவும் வைக்காததுதான் பிழை. ஏழு மணிக்கு வருவதாக அவன் சொன்னதை முந்தின பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது, "சாப்பாடு மேஜையில இருக்கு. சூடு பண்ணிக்கத் தெரியும்ல?" போதும். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த வாசகருக்குத்தான் அவள் விழுங்கியது கேட்கும். பின்னாலேயே "என்று குத்தலாகச் சொன்னாள்" எழுதினால் போச்சு!

ஒற்றெழுத்து: இடைச்சொல்லை, அதாவது சொல்லோடு ஒட்டிவரும் "உம்", "தான்" போன்றவற்றை, மறக்காதீர்கள். "வந்துட்டியா?" வெறும் கேள்வி. "நீயும் வந்துட்டியா?" என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்து தொலைத்திருக்கிறார்கள், இலக்கணத்தில் எச்ச உம்மை. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" இன்னும் கூர்மை. ஒரு பேச்சில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், நாடகத்தனம் தட்டும்.

மைக்கூடு: "நீ" திடீரென்று "நீங்க" ஆனால்?

ஒற்றெழுத்து: அருமையாக வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் நாலைந்து இடத்திலாவது "நீ" பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள்.