‘காம்பிங்’ – தமிழில் என்ன? (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இசை ரசனை வகுப்பு ஒன்றுக்குக் கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தந்த ஊர் ஜாஸ் கலைஞர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சமீபத்தில் வெளியிட்ட பதிவுகளைப் பற்றியது. முதல் பாடம் கிதார் கலைஞர் ஜெஃப் பார்க்கரின் நால்வர் குழு. லாஸ் ஏஞ்சல்ஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில் ‘ஈ.டி.ஏ.’ என்று ஒரு சின்ன மதுக்கூடம் இருந்தது. பல வருடங்கள் திங்கட்கிழமை இரவுகளில் அங்கே வாசித்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 2 அன்று வாசித்தது 2024இல் இசைத்தட்டாக வந்தது. மொத்தமே நான்கு உருப்படிகள்தான்.

சிக்கல் ‘காம்பிங்’. சாக்ஸபோன் தனியாக வாசிக்கும்போது கிதாரோ பியானோவோ பின்னாலிருந்து விட்டுவிட்டுப் பல்சுரங்களைப் போட்டுக்கொண்டிருக்குமே, அது. (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’க்குத்தான் ‘பல்சுரம்’. அதை மறுபடி தொடவேண்டாம், போன முறை மூன்று வாரம் போயிற்று.) பதினொரு இடத்தில் வருகிறது. ‘காம்பிங்’ என்றே விட்டுப் பார்த்தேன். வரைவைப் படித்த மாணவி, “மலையில போய்க் கூடாரம் அடிக்கிறதா மேடம்?” என்று கேட்டாள்.

கு. எழுதியது:

பக்கவாத்தியம். முடிந்தது.

தி. எழுதியது:

முடியவில்லை. பக்கவாத்தியம் கருவியின் பெயர், ஆளின் பெயர். அக்கா கேட்பது செயலுக்கு. அதைவிட, நம் கச்சேரியில் வயலின் பாடகரின் பின்னாலேயே நிழல் மாதிரி போகும். ஜாஸில் அப்படிப் போனால் சாக்ஸபோன்காரர் திரும்பி முறைப்பார். இங்கே வேலை வேறு: மெட்டைத் தொடாமல், அடுத்து எந்தப் பல்சுரம் வருகிறது என்று காட்டி, தாளத்தில் எதிர்பாராத இடத்தில் ஒரு தட்டுத் தட்டித் தள்ளிவிடுவது. பியானோ கலைஞர் கவுண்ட் பேசி இரண்டு சுரம் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதும் காம்பிங்தான். அவர் குழுவிலேயே ஃப்ரெடி கிரீன் 1937இலிருந்து ஐம்பது வருடம் கிதாரில் நாலு அடிக்கும் நாலு தட்டு என்று தட்டினார். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும்.

இரா. எழுதியது:

அன்புடையீர், புதுச்சொல் எதற்கு? அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஒரு சிறு குழுவின் இலக்கணத்தையே சொல்லியிருக்கிறார்: “குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே”. அப்புறம் முழவு, கடைசியில் ஆமந்திரிகை. ‘வழிநிற்றல்’ என்று வைக்கலாம். ஆனால் என் மனம் போவது ‘குயிலுவர்’ பக்கம். கருவி வாசிப்போர் குயிலுவர். மணியைப் பதிப்பதும் குயிற்றுதல். ஒருவன் வாசிக்கையில் இடையிடையே சுரங்களைப் பதிப்பவன் மணி குயிற்றுபவன் அல்லனோ? ஆகவே ‘குயிற்றல்’. குயில் என்னும் பறவைப் பெயரும் இவ்வேரினதே என்று எனக்கொரு கருத்துண்டு, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:

ஐயா, ‘குயிற்றல்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மாணவி கூடாரத்தை விட்டுவிட்டுக் குயிலைத் தேடப் போவாள்.

ப. (டொராண்டோ) எழுதியது:

எங்கட பக்கம் அரங்கேற்ற அழைப்பிதழில் ‘அணிசெய் கலைஞர்கள்’ என்றுதான் போடுவோம். அணிசெய்தல் சரிவராதோ?

தி. எழுதியது:

அழைப்பிதழுக்கு அருமையான சொல். ஆனால் அணி என்றால் நகை. நகையைக் கழற்றினால் ஆள் மாறுவதில்லை. 1952இல் இதே லாஸ் ஏஞ்சல்ஸில், ‘தி ஹெய்க்’ என்ற சின்ன விடுதியில் ஜெரி மல்லிகன் பியானோவே இல்லாத நால்வர் குழுவோடு வாசித்தார். பல்சுரம் போட ஆள் இல்லாததால் அவருடைய சாக்ஸபோனும் செட் பேக்கரின் டிரம்பெட்டும் ஒன்றையொன்று பின்ன வேண்டியதாயிற்று. இசையே வேறாகிவிட்டது.

கு. எழுதியது:

அப்படியென்றால் ஒத்திசைத்தல்?

தி. எழுதியது:

கு. அண்ணே, நாயனக்காரன் வீட்டில் வந்து சொல்கிற சொல்லா இது? என் தாத்தாவின் தம்பி வாழ்நாள் முழுக்க ஒத்து ஊதினார். விடிய விடிய ஒரே சுரம், மூச்சு விடாமல். சுருதிப்பெட்டி வந்ததும் அவரைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது கிடக்கட்டும், ‘ஒத்து ஊதுறான்’ என்றால் தெருவில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

என் வாக்கு ‘எடுத்துக்கொடுத்தல்’. பாடுகிறவன் தயங்கும்போது அடியெடுத்துக் கொடுக்கிறோமே, அதுதான்.

இரா. எழுதியது:

அடியெடுத்துக் கொடுத்தவன் தில்லைக் கூத்தன். ‘உலகெலாம்’ என்று அவன் எடுத்துக்கொடுக்கச் சேக்கிழார் பாடினார். மதுக்கூடத்துக் கிதார்க்காரர் கூத்தன் என்றால் சாக்ஸபோன்காரர் சேக்கிழாரா? மேலும் அது தொடக்கத்தில் ஒரு முறை செய்வது. நீங்கள் சொல்வது இடைவிடாமல் நடப்பது.

கு. எழுதியது:

ஐயா கடைசியாகச் சொன்னது சரி. சுருக்கி ‘எடுப்பு’ என்று வைத்தாலும், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘உடன்வாசிப்பு’ என்று எளிமையாகப் போட்டுவிடலாம். மாணவிக்குப் புரியும்.

தி. எழுதியது:

புரியும், ஆனால் ஒன்றும் சொல்லாது. ஐந்து பேர் சேர்ந்து வாசித்தாலும் உடன்வாசிப்புத்தானே.

செ. எழுதியது:

இன்னொரு குழப்பம். இரண்டாம் பாடத்தில் அதே சொல் வேறு பொருளில் வருகிறது. சிகாகோ டிரம்ஸ் கலைஞர் மகாயா மெக்ரேவன் 2018இல் வெளியிட்ட ‘யுனிவர்சல் பீயிங்ஸ்’. நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நான்கு ஊர்களில், ஊருக்கொரு குழுவோடு வாசித்ததை அப்புறம் உட்கார்ந்து துண்டுபோட்டுச் சேர்த்திருக்கிறார். அதை விளக்கும்போது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பல தடவை வாசித்ததில் நல்ல பகுதிகளைக் கோத்து ஒன்றாக்குவதையும் ‘காம்பிங்’ என்கிறார்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது.

கு. எழுதியது:

வெட்டி ஒட்டுதல்.

தி. எழுதியது:

சரி.

இரா. எழுதியது:

ஏற்கலாம். ஆயினும் ‘ஒட்டி வெட்டுதல்’ என்பது—

செ. எழுதியது:

ஐயா, வேண்டாம், ப்ளீஸ்.

வெள்ளி மாலை ஆறரை. கையேட்டை அனுப்பிவிட்டேன். உடன்வாசிப்புக்கு மூன்று வாக்கு, எடுத்துக்கொடுத்தலுக்கு இரண்டு. என் வாக்கு தி. பக்கம்தான், ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் டிரம்ஸ் வரும் இடங்களில் உதைக்கிறது. “ஜே பெல்லரோஸ் டிரம்ஸில் எடுத்துக்கொடுக்கிறார்” என்றால், எதை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகவே பத்து இடத்தில் உடன்வாசிப்பு. முதல் இடத்தில் மட்டும் ‘உடன்வாசித்து எடுத்துக்கொடுத்தல்’ என்று நீட்டி எழுதி, என்ன நடக்கிறது என்று மூன்று வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். அந்த மூன்று வரி இருந்தால் எந்தச் சொல்லும் ஓடும்போல.

தி. எழுதியது:

அப்போது ‘காம்பிங்’ என்றே விட்டு அந்த மூன்று வரியைப் போட்டிருக்கலாமே அக்கா.

இரா. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்க. குயில் குறித்த மடல் நாளை வரும்.