சம்பளக் கோப்பை வங்கி வடிவத்துக்கு மாற்றியபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருப்பூர்க் கணக்கர்:
டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த சம்பளப் பட்டியலை, ஓர் ஆலோசகர் எழுதித் தந்த மேக்ரோதான் (எக்செல்லுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்) வங்கி கேட்கும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக்கோப்பாக, மாற்றும். அன்று மாலை தையல் பிரிவு அக்கா ஒருவர் வந்து, பணம் ஏறவில்லை என்றார். விசாரித்தால், பக்கத்து மெஷினில் தைக்கும் அவருடைய தோழியின் கணக்கில் ஏறியிருக்கிறது! இருவரும் ஒன்றாகப் போய்க் கணக்குத் தொடங்கியவர்கள். 16 இலக்க எண்ணில் கடைசி மட்டும் வேறு: தோழிக்கு 0, அக்காவுக்கு 1. எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் வருவதை எக்செல் பூஜ்யமாக்கிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதானே. “பேர் வேறாக இருக்கிறதே, வங்கி பார்க்காதா?” என்று முதலாளி கத்தினார். வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்டில் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைப்பார்கள் என்றால் அவர் நம்பவில்லை. தோழியை அழைத்துக் கேட்டோம். “போனஸ் என்று நினைத்தேன் சார்” என்றார். பொய் சொல்கிற முகமில்லை. ஆனால் அதற்குள் பாதியை நகைக்கடன் வட்டிக்குக் கட்டிவிட்டிருந்தார். இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

சிவகாசி அச்சகம்:
எக்செல்லைத் திட்டுவதே வழக்கமாகிவிட்டது. எங்கள் காகித வியாபாரி அனுப்பிய ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ இருந்தது. காலண்டர் சீசனில் மொத்தக் கோப்பும் திரும்பி வந்தது. அதற்கு எக்செல் என்ன செய்யும்? சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, கணக்கு எண் பத்தியை முதலிலேயே ‘உரை’ என்று குறியுங்கள். பிறகு எண்ணின் நீளத்தைச் சரிபாருங்கள். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஒரே எண் இருமுறை வந்தால் நிறம் மாறும்படி வையுங்கள். தொகையில் காற்புள்ளி இருக்கக் கூடாது. 1,25,000 என்று விட்டால் ஒரு பத்தி மூன்றாகும். தேதியை நாள், மாதம், ஆண்டு என்று வங்கி கேட்கும் வரிசையில் வையுங்கள். கடைசியாக, கோப்பின் கூட்டுத்தொகையைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கரூர் ஏற்றுமதி:
ஐயா, அவர் தீர்வு கேட்கவில்லையே! அதோடு, கூட்டுத்தொகை அவருடைய கோப்பில் சரியாகத்தான் இருந்திருக்கும். தப்பு எண்ணில், தொகையில் அல்ல.

எங்கள் கதை வேறு. வெளிநாட்டு வங்கி அனுப்பும் எம்டி940 என்ற வடிவக் கணக்கு அறிக்கையில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். மாற்றித் தரும் மென்பொருள் அதை ஆயிரப் பிரிப்பு என்று நினைத்து விழுங்கிவிட்டது. 1250,50 யூரோ 1,25,050 ஆனது. வாடிக்கையாளர் நூறு மடங்கு அனுப்பிவிட்டார் என்று எங்கள் மேலாளர் அவருக்கு நன்றிக் கடிதமே எழுதிவிட்டார். வந்த பதில் ஒரே ஒரு கேள்விக்குறி.

பி.எஃப். குமாஸ்தா:
கடைசி நாளான 15ஆம் தேதி மாலை, ஈசிஆர் என்ற மாதாந்திர பி.எஃப். கோப்பை ஏற்ற வேண்டும். நடுவில் யாரோ சிஎஸ்வியாகச் சேமித்ததில் ஊழியர்களின் 12 இலக்க பி.எஃப். எண்களான யுஏஎன் எல்லாம் 1.01E+11 என்று சுருங்கிவிட்டன. அதை அப்படியே நடுநடுவே #~# என்ற பிரிப்புக்குறி போட்டு உரைக்கோப்பாக்கி ஏற்றினால், இணையதளம் ஒவ்வொரு வரியையும் தள்ளியது. “எல்லோருக்கும் ஒரே எண்ணா, பரவாயில்லையே, சமத்துவம்!” என்றார் முதலாளி. தாமத வட்டி அவர் பையிலிருந்து போகும் என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

திருப்பூர்க் கணக்கர்:
சிவகாசி ஐயாவுக்கு நன்றி. மேக்ரோவைத் திறந்து பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். எழுதியவர் ஃபோனை எடுப்பதில்லை.