எடிட்டரில் கோப்பு டேப்கள் குவிவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நொய்யல்கரை (திருப்பூர்):
பின்னலாடை நிறுவனங்களுக்கான மென்பொருளில் வேலை செய்கிறேன். ஓர் ஆர்டர் நூல் கொள்முதலில் தொடங்கி நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று பல பிரிவுகளைக் கடந்து போவதால், சிறு திருத்தத்துக்குக்கூட ஒவ்வொரு பிரிவின் கோப்பையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மதியத்துக்குள், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் முப்பது நாற்பது டேப்கள் சேர்ந்துவிடுகின்றன. பாதிக்கு ‘இண்டெக்ஸ்’ என்றே பெயர். வேண்டியதைத் தேடுவதற்குள் யோசித்துக்கொண்டிருந்த கணக்கு மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. மூடிவிடலாம் என்றாலோ, சற்று நேரத்தில் அதே கோப்பு மறுபடியும் தேவைப்படுமே என்ற தயக்கம். நீங்கள் என்ன முறையைக் கையாள்கிறீர்கள்?

பீளமேட்டுக்காரர்:
வணக்கம் நண்பரே. அந்தத் தயக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். மூடிய கோப்பை மறுபடியும் எடுப்பது சிரமமாக இருக்கும்வரை யாருக்கும் மூட மனம் வராது. ஆகவே டேப்களைக் குறைக்கும் முன் தேடும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் கண்ட்ரோலுடன் பி (P) அழுத்தினால் வரும் பெட்டியில், ஃபோல்டர் பெயரில் சில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு கோப்புப் பெயரில் சில எழுத்துகள் என்று அடித்தால், எத்தனை இண்டெக்ஸ் இருந்தாலும் சாயப் பிரிவினுடையது மேலே வந்துவிடும். ஃபங்ஷன் பெயர் மட்டும் நினைவிருந்தால் கண்ட்ரோலும் டியும் (T) போதும். எஃப்12 அழுத்தி ஒரு ஃபங்ஷனின் மூல இடத்துக்குப் போனவர், ஆல்ட்டுடன் இடது அம்புக்குறியை அழுத்திப் புறப்பட்ட வரிக்கே திரும்பலாம். தவறி மூடியதை கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மீட்டுத் தரும்.

இன்னொன்று: ஒரே ஒரு கிளிக்கில் திறக்கும் கோப்பின் பெயர் சாய்வெழுத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது முன்னோட்டம்தான், அடுத்த கோப்பைப் பார்க்கும்போது அதே இடத்தில் புதியது வந்து அமரும். இரட்டை கிளிக் செய்தாலோ திருத்தத் தொடங்கினாலோதான் அது தனி டேப்பாக நிலைக்கும். படித்துப் பார்க்க மட்டும் திறப்பவற்றை இரட்டை கிளிக் செய்யாமல் இருந்தாலே பாதிக் கூட்டம் குறையும். இதற்குப் பிறகும் மிஞ்சினால் செட்டிங்கில் எடிட்டர் லிமிட்டை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இயக்கினால் வரம்பு 10. அதைத் தாண்டும்போது நெடுநேரம் தொடாத டேப் தானாக மூடும். சேமிக்காததையும், ‘பின்’ (pin) செய்து நிலைநிறுத்தியதையும் தொடாது.

பவானி கூடல் (ஈரோடு):
தேடலைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்; வரம்பு வைப்பதில் மட்டும் உடன்பாடில்லை. இந்த மாதிரி மென்பொருளில் நிட்டிங்கில் இறங்கிய எடையும் சாயத்திலிருந்து திரும்பிய எடையும் ஒத்துப்போகிறதா என்று நான்கைந்து கோப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் வேளையில், எடிட்டர் தன் விருப்பத்துக்கு ஒன்றை மூடினால் வேலை தடைப்படும். டேப்கள் அதிகம் என்பதைவிட, இரண்டு மூன்று வேலைகளின் டேப்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதே பெரிய தொல்லை. வேலைக்கு ஒரு கிட் பிராஞ்ச் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் ஒரு தனிக் கிளை) வைத்திருந்தால், செட்டிங்கில் ‘எஸ்சிஎம் வொர்க்கிங் செட்ஸ்’ என்பதை இயக்கிப் பாருங்கள். பிராஞ்ச் மாறும்போது அந்த வேலையின் டேப்களை எடிட்டர் நினைவில் வைத்து, திரும்பி வரும்போது அப்படியே திறந்து கொடுக்கும்.

இண்டெக்ஸ் குழப்பத்துக்கு, 2024இல் வந்த ‘கஸ்டம் லேபிள்ஸ்’ வசதியில் ஒரு விதி எழுதினால் டேப்பில் ஃபோல்டரின் பெயரே தெரியும். கோப்பின் உண்மைப் பெயர் மாறாது.

நொய்யல்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்களிடம் திருத்தத்துக்கு ஒரு பிராஞ்ச் என்ற ஒழுங்கு ஏற்கெனவே இருப்பதால் பவானி கூடல் சொன்னது உடனே பொருந்தும். லேபிள் விதியைப் புராஜெக்டின் செட்டிங் கோப்பிலேயே எழுதி கிட்டில் சேர்க்கிறேன். அப்போது குழுவில் எல்லோருக்கும் ஒரே பெயர் தெரியும்.