வசந்தகால ஓரியன்டீரிங் சீசன்: இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பு (ஓட்டத்தில் உங்களுக்கு நடந்த மறக்க முடியாத சந்திப்பையும் எழுதுங்கள்)

ஊசிவடக்கு

மேப்பும் காம்பஸும் வைத்து இடம் கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டீரிங்கில், பிரிட்டனின் பெரிய ஈஸ்டர் போட்டியான ஜே.கே. முடிந்து திரும்பியதிலிருந்து மனசு சரியில்லை. வெள்ளி ஸ்பிரின்ட், சனி மிடில், ஞாயிறு லாங் எல்லாம் வழக்கம்போலப் போயின. திங்கள் ரிலேயில் எங்கள் பல்கலைக்கழக அணிக்கு முதல் லெக் (முதல் ஆளின் சுற்று) நான். குளிர்காலம் முழுக்க இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மூர்களில் (புதர் மண்டிய மேட்டு நிலங்களில்) ஹெட்லாம்போடு நனைந்தது இந்த ஒரு லெக்குக்காகத்தான்.

ஆறாவது கன்ட்ரோலை (மேப்பில் குறித்த, வந்துபோனதைப் பதிய வேண்டிய இடம்) பஞ்ச் செய்துவிட்டுச் சரிவில் இறங்குகிறேன், விசில் சத்தம். காய்ந்து படுத்துக் கிடந்த பிராக்கன் பெரணிகள் நடுவே ஒரு பெரியவர். பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. குனிந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொருவன் வந்தான். அவரைப் பார்த்தான், மேப்பைப் பார்த்தான், என்னிடம் “நீ இருக்கிறாய்தானே?” என்று கேட்டான். தலையை ஆட்டினேன். ஓடிவிட்டான்.

கால் மணி நேரம் கழித்து ரோட்டுப் பக்கமிருந்து முதலுதவிக்காரர்கள் வந்தார்கள். நான் ஓடி முடித்தபோது எங்கள் இரண்டாவது லெக் பையன் குளிரில் உதறிக்கொண்டிருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி போகவே மாட்டேன் என்கிறது. நான் இருந்தேன்தானே? அவன் போனது தப்பா?

ஒலிவ்பச்சை

தப்புதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடிபட்டவருக்கு உதவுவது ஒவ்வொரு போட்டியாளரின் கடமை என்று விதியிலேயே இருக்கிறது. “ஒருவர் நின்றால் போதும்” என்று எங்கேயும் இல்லை.

2009 உலகச் சாம்பியன்ஷிப், ஹங்கேரி, ஆண்கள் ரிலே கடைசி லெக். சுவீடனின் மார்ட்டின் யொஹான்சன் தொடையில் மரக்குச்சி ஆழமாக இறங்கிவிட்டது. முன்னணியில் ஓடிய தியரி ஜார்ஜியூ, ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க், மிக்கல் ஸ்மோலா மூவருமே நின்றார்கள். பிரான்ஸ், நார்வே, செக் மூன்றுக்கும் பதக்கம் போச்சு, சுவிட்சர்லாந்து தங்கம் வாங்கியது. முதல் ஆள் நின்றதைப் பார்த்து மற்றவர்கள் “நீ இருக்கிறாய்தானே” என்று கேட்டுவிட்டா போனார்கள்? ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும், ஒருவர் போய் ஆளைக் கூட்டிவரணும். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது சின்னது. ஒரு ஸ்பிரின்ட்டில், மேப்பில் ஒலிவ் நிறத்தில் காட்டியிருந்த, நுழையக் கூடாத பூச்செடிப் பாத்தியைத் தாண்டி ஓடியவனை, தண்ணீர்க் குடத்தோடு நின்ற தோட்டக்காரப் பாட்டி சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நடுவருக்கு வேலையே இல்லை.

இரவுலெக்

சண்டை நடக்கட்டும், என்னுடையது வேறு மாதிரி. சுவீடனில் தியோமிலா என்ற பெரிய ரிலே. ஆண்களுக்குப் பத்து லெக், சனி இரவு தொடங்கி ஞாயிறு காலை வரை. என் லெக் நல்ல இருட்டில். எனக்கு முன்னால் போன வெளிச்ச வரிசை எப்போதோ மறைந்துவிட்டது, காம்பஸை நம்பி நேராகப் போகிறேன். தூரத்தில் இரண்டு புள்ளிகள் மின்னின. இரவுப் போட்டியில் கன்ட்ரோலில் ஒளித்தகடு ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதுதான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

கன்ட்ரோல் கண் சிமிட்டியது.

மூஸ் என்ற பெரிய மான். குதிரையைவிட உயரம். மூச்சு ஆவியாக வந்தது ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் தெரிந்தது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. அப்புறம் சலிப்போடு திரும்பிப் பில்பெர்ரிப் புதருக்குள் நடந்துபோனது. உண்மையான கன்ட்ரோல் அது நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தது!

கான்டூர்க்காரி

தம்பி, மூஸ் இருக்கட்டும். டி.பி.இ. (உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சல்) தடுப்பூசி போட்டாயா? ஸ்டாக்ஹோம், உப்சாலா பக்கம் ஓடுகிறவர்கள் கட்டாயம் போடணும். சீசன் தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. முதல் இரண்டு ஊசிக்கு நடுவில் ஒன்றிலிருந்து மூன்று மாதம் விடுவார்கள், மூன்றாவது அதற்கப்புறம். அதனால் குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடு. வெப்பநிலை ஐந்து டிகிரியைத் தாண்டினாலே உண்ணிகள் வேலையை ஆரம்பித்துவிடும்.

இந்த ஊசி, உண்ணியால் வரும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு இல்லை, அதையும் நினைவில் வை. ஓடி முடித்த அன்றே குளித்துவிட்டு முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தேடு. கண்டால் எண்ணெய் விடாதே, தீக்குச்சியால் சுடாதே. மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. அதற்கப்புறம் சில வாரங்களில் சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் போ, ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும். பிரிட்டனில் காட்டு ஓட்டத்துக்குக் கால் முழுக்க மூடச் சொல்வது சும்மா இல்லை.

என் சந்திப்பு: ஃபினிஷில் வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாத ஒரு அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல் என் கழுத்திலிருந்து உண்ணியைப் பிடுங்கிக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஊசிவடக்கு

@ஒலிவ்பச்சை அண்ணா, விதி எனக்கும் தெரியும். நீங்கள் சொன்ன கணக்கைப் படித்ததும் ஓடிப்போனவனுடைய ஸ்பிளிட் (ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எடுத்த நேரம்) எடுத்துப் பார்த்தேன். அவன் சட்டையில் குத்தியிருந்த பிப் நம்பர் ஞாபகம் இருந்தது. ஆறிலிருந்து ஏழுக்கு மற்றவர்களெல்லாம் மூன்று நிமிடத்தில் போயிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்பது. ரோடு அங்கிருந்து கிழக்கே, ஏழாவது கன்ட்ரோலுக்கு நேர் எதிர்ப்பக்கம். முதலுதவிக்காரர்களுக்கு யாராவது மலையேறிகள் சொல்லியிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒலிவ்பச்சை

ஒன்பது நிமிடம் என்றால் வழி தவறியும் இருக்கலாம் தம்பி. அவன் கிளப் எது என்று பார்த்து நேராகவே கேட்டுவிடு.

கான்டூர்க்காரி

கேள். கேட்டுவிட்டு இங்கேயே வந்து எழுது. அடிபட்டவர் கால் என்ன ஆச்சு என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லையே?