குழந்தை நட்சத்திரம் வளர்ந்து உருப்பட்ட கதை (கமல் நிற்காமல் ஓடினார் என்பவர்கள் மட்டும் உள்ளே வரவும்)

பழைய புரொஜெக்டர்:
நேற்று வேறொரு இழையில் ரீல்பெட்டி என்ற அன்பர் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "சின்ன வயதில் நடிக்க வந்தால் வாழ்க்கை வீணாகிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கமலைப் பாருங்கள். களத்தூர் கண்ணம்மாவில் ஓட ஆரம்பித்தவர், இன்றுவரை நிற்கவே இல்லை."

நிற்கவே இல்லையாம்! இதற்குப் பதினாறு பேர் கைதட்டல் வேறு. 1960இல் களத்தூர் கண்ணம்மா. 1962இல் பார்த்தால் பசி தீரும், அதில் இரட்டை வேடம். 1963இல் வானம்பாடி, ஆனந்த ஜோதி. அத்தோடு சரி. அடுத்து அவர் ஒரு பாத்திரமாகத் திரையில் வந்து நின்றது 1973இல், பாலசந்தரின் அரங்கேற்றத்தில். நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் டி.கே. சண்முகம் அண்ணாச்சியின் நாடகக் குழு, நடனப் பயிற்சி, நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளர் வேலை. அதாவது குழந்தை நட்சத்திரம் என்ற பட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்று முதலிலிருந்து தொழில் கற்றுக்கொண்டவர். அவரைக் கொண்டுவந்து "குழந்தை நட்சத்திரம் ஜெயித்ததற்கு உதாரணம்" என்று நிறுத்தினால் என்ன நியாயம்? பத்து வருடம் சார், பத்து வருடம்.

ரீல்பெட்டி:
என் ஒரு வரிக்குத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், நன்றி. ஆனால் பத்து இல்லை, ஏழு. 1970இல் வந்த மாணவன் படத்தில் "விசிலடிச்சான் குஞ்சுகளா" பாட்டுக்குக் குட்டி பத்மினியோடு ஆடினாரே, அது யார், அவருடைய தம்பியா? 63 முதல் 70 வரை எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

சொல்லப்போனால் அந்தப் பாட்டே என் கட்சிக்குச் சாட்சி. ஆடிய இருவருமே குழந்தை நட்சத்திரங்கள். குட்டி பத்மினி 1965இல் குழந்தையும் தெய்வமும் படத்தில் இரட்டைப் பெண்களாக நடித்தவர். பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள் தயாரித்தார். இரண்டு பேருமே பிழைக்கத் தெரிந்தவர்கள்தானே?

பழைய புரொஜெக்டர்:
ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போவதைக் கணக்கில் சேர்த்தால் கோடம்பாக்கத்தில் பாதிப் பேர் நட்சத்திரம்தான். வசனம் பேசும் பாத்திரம் அரங்கேற்றம். 63 முதல் 73. பத்து.

மயிலை மாமி:
ஆண்கள் இரண்டு பேர் ஏழா பத்தா என்று அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பொம்மனாட்டி சொல்வதையும் கேட்கலாமா?

ஸ்ரீதேவிக்கு இந்த இடைவெளியே கிடையாது. 1969இல் துணைவன் படத்தில் முருகனாக வந்த குழந்தை, 1976இல் மூன்று முடிச்சில் கதாநாயகி. 1963 ஆகஸ்டில் பிறந்தவர் என்றால் அப்போது என்ன வயது? 13. பதிமூன்று வயதில் ரஜினி பாத்திரத்துக்குச் சித்தியாக வந்து அதட்டுகிறாள் அந்தப் பெண்! நடிப்பைப் பார்த்து நானும் அசந்துதான் போனேன். ஆனால் என் பேத்திக்கு இப்போது 13. அவளுக்குப் புடவை கட்டிவிட்டு யாராவது அப்படி நிற்க வைத்தால் என் வயிறு எரியும். "தடையில்லாத வளர்ச்சி" என்று சொல்கிறீர்களே, பெண் குழந்தைக்கு அதன் அர்த்தம் இதுதான்.

பழைய புரொஜெக்டர்:
மாமி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பெண்கள் விஷயம் வேறு கணக்கு. பையனுக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, குழந்தையாகவும் போட முடியாது, ஹீரோவாகவும் போட முடியாது. அதனால்தான் கமலுக்கு அந்தப் பத்து வருடம் வந்தது. நான் சொல்வதற்கு நீங்களே வலுச் சேர்த்திருக்கிறீர்கள்.

மயிலை மாமி:
"வேறு கணக்கு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டீர்களே, பேஷ். மீனாவையும் அந்த வேறு கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 1984இல் அன்புள்ள ரஜினிகாந்தில் குழந்தை, 1993இல் எஜமானில் அதே ரஜினிக்கு ஜோடி. நடுவில் ஒன்பது வருடம். ரஜினிக்கு ஒன்பது வருடத்தில் என்ன மாறிற்று? ஒன்றுமில்லை. குழந்தைக்குத்தான் எல்லாம் மாற வேண்டியிருந்தது.

அப்புறம், வருடக் கணக்கைப் பற்றி நீங்கள் வாய் திறப்பதே ஆச்சரியம். போன வருடம் எம்.ஜி.ஆர். இழையில் ஆனந்த ஜோதி 1964 என்று நின்று சாதித்தவர் யார்?

பழைய புரொஜெக்டர்:
அது வேறு சூழலில் சொன்னது. அதை இங்கே இழுப்பது பண்பல்ல.

மதுரைக்காரன்:
கமலையும் ஸ்ரீதேவியையும் வைத்துக்கொண்டு என்ன பேச்சு இது? லட்சத்தில் ஒருவர் அவர்கள். மற்றவர்கள் கதி என்ன? சலாம் பாம்பே படத்தில் நடித்த ஷஃபீக் சையதைப் பாருங்கள். தெருவில் வளர்ந்த பையன், தேசிய விருது வாங்கினான், படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அப்புறம் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினான். குழந்தை நட்சத்திரத்தின் முடிவு இதுதான். வீணாய்ப் போன வாழ்க்கை.

மீட்டர் ஆட்டோ:
அண்ணே, நானும் ஆட்டோதான் ஓட்டுகிறேன். சென்ட்ரல் ஸ்டாண்டு. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். என் வாழ்க்கை எந்த இடத்தில் வீணாய்ப் போனது என்று கொஞ்சம் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.

மதுரைக்காரன்:
அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. தேசிய விருது வாங்கியவர் ஆட்டோ ஓட்ட வேண்டியிருந்தது என்றால் சினிமா அவரைக் கைவிட்டது என்றுதானே அர்த்தம்?

மீட்டர் ஆட்டோ:
சினிமா கைவிட்டது, சரி. ஆட்டோ கைவிடவில்லையே. வீணாய்ப் போனது சினிமாக்காரன் மனசு, அந்த ஆளுடைய வாழ்க்கை இல்லை. நீங்கள் "முடிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஓட்டுவது முடிவா? இதற்கு மன்னிப்புக் கேட்காமல் நகர மாட்டேன்.

பழைய புரொஜெக்டர்:
இழை திசை மாறுகிறது. பேச்சு கமலின் பத்து வருடத்தைப் பற்றியது.

ரீல்பெட்டி:
ஏழு.

சின்னத்திரை அப்பா:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் நாலு வயதிலிருந்து விளம்பரங்களில் வருகிறாள். இரண்டு தொடர்களிலும் தலை காட்டினாள். என்னைப் பார்த்தாலே உறவுக்காரர்கள் "குழந்தையை வைத்துச் சம்பாதிக்கிறாயா" என்கிறார்கள். உண்மையில் ஒரு விளம்பர நிறுவனம் இன்னும் பணமே தரவில்லை. கேட்டால் "குழந்தைக்கு முகம் தெரிந்ததே போதாதா" என்று சிரிக்கிறார்கள். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா, யாராவது சொல்லுங்களேன்.

வக்கீல் குமாஸ்தா:
இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கலைஞராக வேலை செய்யலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. 2017 விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் அது கலெக்டர் ஆபீஸ். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1939இலேயே வந்துவிட்டது. சாப்ளினோடு 1921இல் நடித்த ஜாக்கி கூகன் சிறுவயதில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து கேட்டால் கஜானா காலி. அம்மாவும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டார்கள். 1938இல் பெற்ற தாய் மீதே வழக்குப் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அவன் பெயரிலேயே கூகன் சட்டம் வந்தது. ஆக, பிள்ளை உருப்படுமா என்று கேட்பதற்கு முன்னால் பெற்றவர்களின் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பழைய புரொஜெக்டர்:
நல்ல தகவல். ஆனால் 20 சதவீதம் என்றால் மீதி 80 யாருக்கு? இந்த அப்பாவைக் கேளுங்கள்.

சின்னத்திரை அப்பா:
சார், பணமே வரவில்லை என்றுதானே எழுதினேன்? எதன் மீது 80 சதவீதம்? அவள் ஸ்கூல் பீஸ், டான்ஸ் கிளாஸ், போக வர வண்டிச் செலவு, எல்லாம் என் சம்பளத்தில்தான். வெளியூர் ஷூட்டிங் என்றால் அவள் அம்மா வேலைக்கு லீவு போட வேண்டும், அந்த நாள் சம்பளம் போச்சு. தெரியாமல் பேசாதீர்கள்.

மயிலை மாமி:
கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் வேண்டாம் என்று உங்கள் மகளால் சொல்ல முடியுமா? நாலு வயதில் அவள் கேட்டுத்தானா போனாள்?

சின்னத்திரை அப்பா:
உங்கள் பேத்தி பாட்டு கிளாஸுக்கு அவளே கேட்டுத்தான் போகிறாளா மாமி?

மயிலை மாமி:
என் பேத்தி பாடினால் அடுத்த வீட்டுக்காரர் மட்டும்தான் கஷ்டப்படுவார். ஊரே முகத்தைப் பார்த்து "நீதானே அந்த பிஸ்கட் பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளாது.

ரீல்பெட்டி:
சரி, பெண்கள் என்றால் வேறு கணக்கு என்று புரொஜெக்டர் சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஷாலினியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எண்பதுகளில் மலையாளத்தில் கொடிகட்டிய குழந்தை. நடிப்பை நிறுத்தினார். 1997இல் அனியத்திப்பிராவு, அதே வருடம் இங்கே காதலுக்கு மரியாதை. 2000இல் அலைபாயுதே, அதே வருடம் கல்யாணம், கொஞ்ச நாளில் சினிமாவுக்கே டாட்டா. நிம்மதியாக இருக்கிறார். இடைவெளி விழுந்தது, திரும்பி வந்தார், ஜெயித்தார், போதும் என்று போனார். உங்கள் வாதப்படி இவரும் குழந்தை நட்சத்திரம் இல்லையா?

மதுரைக்காரன்:
போனார் என்றால் தோல்விதானே?

மீட்டர் ஆட்டோ:
இவருக்கு எல்லாமே தோல்விதான். வண்டி ஓட்டினால் தோல்வி, கல்யாணம் செய்தால் தோல்வி. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் அண்ணே? மன்னிப்பு இன்னும் வரவில்லை.

மதுரைக்காரன்:
என் வேலை எதற்கு? நான் சொன்னது சினிமாவைப் பற்றி.

வக்கீல் குமாஸ்தா:
சினிமாவை விட்டால் தோல்வி என்றால் ஷெர்லி டெம்பிளை என்ன செய்வது? முப்பதுகளில் ஹாலிவுட்டுக்கே சோறு போட்ட குழந்தை. இருபத்திரண்டு வயதில் படங்களை விட்டார். பிற்பாடு கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனார்.

பழைய புரொஜெக்டர்:
வெளிநாட்டு உதாரணங்கள் இங்கே செல்லாது. கோடம்பாக்கத்துக் குழந்தைக்கு ஸ்டூடியோவில் டீச்சர் வைத்துப் பாடம் சொல்லித்தந்தார்களா? கமல் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது நாடக மேடை. தினமும் ஒத்திகை, அதட்ட ஒரு வாத்தியார், கைதட்டலுக்குப் பதிலாகத் திட்டு. பின்னாளில் அவ்வை சண்முகி என்று படத்துக்குப் பெயர் வைத்ததே அந்த வாத்தியார் சண்முகம் அண்ணாச்சிக்கு நன்றியாகத்தான். புகழ் போன பிறகு கற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைத்தவன் பிழைக்கிறான், கிடைக்காதவன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்குத்தான் சொல்கிறேன், அந்தப் பத்து வருடம் முக்கியம். அதை ஏழாகக் குறைப்பவர்கள் அவருடைய உழைப்பில் மூன்று வருடத்தைத் திருடுகிறார்கள்.

ரீல்பெட்டி:
திருடுகிறேனா! 1970இல் கேமரா முன்னால் ஆடியவனை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான் என்று எழுதுகிற நீங்கள்தான் திருடுகிறீர்கள். அதே ஆள் தங்கப்பன் மாஸ்டரோடு மற்றவர்களுக்கு ஆடக் கற்றுத்தந்துகொண்டிருந்தான். அதுவும் சினிமாதான். நிற்கவே இல்லை என்று நான் எழுதியது சரி.

பழைய புரொஜெக்டர்:
ஆடக் கற்றுத்தருகிறவன் நட்சத்திரமா? கேள்வியே குழந்தை நட்சத்திரத்தைப் பற்றியது!

மயிலை மாமி:
அம்மாடி, இந்த மனுஷர் ஸ்ரீதேவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும். 13 வயது. நான்காவது தடவை கேட்கிறேன்.

பழைய புரொஜெக்டர்:
இரண்டாவது தடவைதான் மாமி. எண்ணிக்கையில் கவனம் வேண்டும்.

மயிலை மாமி:
ஆனந்த ஜோதி 1964.

தூத்துக்குடி டூரிங் டாக்கீஸ்:
எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். நீங்கள் இருவருமே 1972இல் வந்த குறத்தி மகனை விட்டுவிட்டீர்களே? அதிலும் கமல் உண்டு. அப்படியானால் ஏழும் இல்லை, பத்தும் இல்லை, ஒன்பது அல்லவா வருகிறது?

ரீல்பெட்டி:
70க்கு அப்புறம் 72 வந்தால் என் ஏழு எப்படி ஒன்பதாகும்? அவருடைய பத்துதான் ஒன்பதாகும்.

பழைய புரொஜெக்டர்:
குறத்தி மகனில் அவர் எத்தனை காட்சி வருகிறார், எத்தனை வசனம் பேசுகிறார் என்று யாராவது எண்ணிச் சொல்லுங்கள். அதுவரை பத்துதான்.

மீட்டர் ஆட்டோ:
மதுரைக்கார அண்ணே, ஆன்லைனில் இருப்பது தெரிகிறது.