மறுமொழி: ஸ்ப்ரே ஃபோமுக்குத் ‘தெளிநுரை’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சுவரிலும் கூரையிலும் போடும் இன்சுலேஷனுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பாதிச் சொற்களில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இருக்க வேண்டிய ஒரு சொல் பட்டியலில் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

> இன்சுலேஷன் – வெப்பத்தடை

இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெப்பத்தடை என்பது ஓர் அளவு. இன்சுலேஷன் பொட்டலத்தின் மேல் ‘ஆர்’ என்ற எழுத்தோடு அச்சிட்டிருக்கும் எண் அதைத்தான் சொல்கிறது. பொருளுக்கும் அதே பெயரை வைத்தால் “இந்த வெப்பத்தடையின் வெப்பத்தடை எவ்வளவு?” என்று எழுத வேண்டி வரும். மின்சாரத்தில் மின்தடையும் மின்காப்பும் தனித்தனியே நிலைத்துவிட்டன. அதே வழியில் இங்கே வெப்பக்காப்பு என்று வைக்கலாம்.

வெப்பத்தைக் காப்பதா, வெப்பத்திலிருந்து காப்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும்தான். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூடு வெளியேறுவதையும், கோடையில் வெளிச்சூடு உள்ளே வருவதையும் ஒரே பொருள்தான் மட்டுப்படுத்துகிறது. இரண்டு பக்கமும் பொருள் தருவது இந்தச் சொல்லின் பலம்.

> ஃபைபர் கிளாஸ் – கண்ணாடியிழை

தவறில்லை. ஆனால் படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற, பிசின் ஊறிய கெட்டியான பொருளையும் அப்படித்தான் சொல்கிறோம். சுவருக்குள் வைப்பது மெத்தென்ற பொருள். அதற்குக் கண்ணாடிப் பஞ்சு என்பதே என் தேர்வு. பஞ்சு என்றவுடன் அது எப்படி வேலை செய்கிறது என்பதும் பாதி விளங்கிவிடுகிறது. கண்ணாடியின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 1 வாட். அதையே பஞ்சாக்கினால் 0.04 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடி மாறவில்லை, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் தடுக்கிறது. அதனால்தான் தடித்த பஞ்சை ஒடுங்கிய இடத்தில் அமுக்கித் திணித்தால் அதன் மொத்த வெப்பத்தடை குறைகிறது. குழாயையும் கம்பியையும் சுற்றி இடைவெளி விட்டாலும் பலன் குறைந்துவிடும்.

> ஸ்ப்ரே ஃபோம் – தெளிநுரை

தெளி என்றால் தெளிந்த என்ற பொருளும் வரும். தெளிநுரை என்று படிப்பவர் தெளிவான நுரை என்றே முதலில் எடுத்துக்கொள்வார். தெளிப்பு நுரை என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் எனக்கு உறைநுரை இன்னும் பிடித்திருக்கிறது. ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஒரு பக்கமும், அதோடு வினைபுரியும் பாலியால் கலவை இன்னொரு பக்கமுமாக வந்து, துப்பாக்கி முனையில் கலந்து, சுவரில் பட்டதும் பொங்கி, சிறிது நேரத்தில் உறைந்துவிடுகிறது. நம் பேச்சில் நுரை என்றால் சீக்கிரம் அடங்கிப் போவது. இது அடங்காமல் அப்படியே நிற்கும் நுரை. தெளிப்பு என்பது செய்முறையை மட்டும் சொல்கிறது, உறை என்பது விளைவைச் சொல்கிறது. செய்முறையைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘தெளித்த உறைநுரை’ என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், ஓப்பன் செல், குளோஸ்டு செல் என்ற இரண்டு வகைக்கு ‘திறந்த கலம், மூடிய கலம்’ என்று வந்திருக்கிறது. கலம் என்றால் உயிரியலின் செல்தான் நினைவுக்கு வரும். நுரையில் இருப்பது குமிழ். எனவே திறகுமிழ் நுரை, மூடுகுமிழ் நுரை. வெப்பத்தடையைப் பார்த்தால் அங்குலத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு ஆர்-3 சொச்சம், திறகுமிழ் நுரை ஏறக்குறைய ஆர்-3.5, மூடுகுமிழ் நுரை ஆர்-6 முதல் 7 வரை. மூடுகுமிழுக்கு அவ்வளவு வருவதற்குக் காரணம், காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் வாயு குமிழுக்குள்ளேயே அடைபட்டிருப்பது. பெயரிலேயே அந்தக் காரணம் இருக்கிறது பாருங்கள்.

இனி விடுபட்ட சொல். மேலே உள்ள எண்களில் பஞ்சும் திறகுமிழும் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் விலை கூடிய நுரையை ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் பட்டியலில் உள்ள எந்தச் சொல்லாலும் பதில் சொல்ல முடியாது. பதில், ஏர் சீலிங் என்கிற வேலை. நுரை பொங்கிச் சந்துகளில் புகுந்து காற்று கசியும் வழியை அடைத்துவிடுகிறது. பஞ்சு அதைச் செய்யாது, காற்று அதன் ஊடே போய்க்கொண்டே இருக்கும். பஞ்சு போடுகிறவர் சந்துகளைத் தனியாகப் பூசியோ நாடா ஒட்டியோ மூட வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் பஞ்சும் நன்றாகவே உழைக்கும், செலவும் குறையும். ஆறாத மனக்குறை எனக்கு இதில்தான்: இந்த வேலைக்குப் பெயரே இல்லாததால் தமிழில் எழுதுகிறவர்கள் ஆர் எண்ணை மட்டும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

காற்றடைப்பு என்று முதலில் தோன்றும். ஆனால் டயரில் காற்றடைப்பது நினைவுக்கு வருகிறது, பொருள் நேர்மாறாகிவிடும். கசிவடைப்பு என்று முன்மொழிகிறேன். வெப்பக்காப்பு ஒரு வேலை, கசிவடைப்பு இன்னொரு வேலை. பஞ்சு முதலாவதை மட்டும் செய்யும், உறைநுரை இரண்டையும் செய்யும்.

தீ, உடல்நலம் பற்றிய சொற்களைத் தனி மடலில் பேசலாம். எந்தச் சொல் வைத்தாலும் விளக்கத்தில் இரண்டு செய்தி கட்டாயம் வர வேண்டும். நுரை எரியக்கூடியது, அறைப் பக்கம் ஜிப்சம் பலகை போன்ற மூடி தேவை. தெளிக்கும்போது ஐசோசயனேட் மூச்சில் போகக் கூடாது, உரிய முகக்கவசம் இல்லாமல் யாரும் அங்கே இருக்கக் கூடாது.

சுவருக்குள் நீராவி ஊடுருவுவதை மெதுவாக்கும் வேப்பர் ரிட்டார்டருக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. மூடுகுமிழ் நுரை 2 அங்குலம் இருந்தாலே அந்த வேலையைச் செய்யும், திறகுமிழ் செய்யாது. ஈரம் முழுவதும் நிற்பதில்லை, மெதுவாகிறது. ஆகவே ‘ஆவித்தடுப்பு’ கூடுதலாகச் சொல்கிறது. ‘ஆவிமட்டுப்படுத்தி’ நீளமாக இருக்கிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.