பேஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வவுண்டா, ரவுண்ட்வவுண்டா? அவசரம்

மார்த்தாண்டம் பேஸ்:
கம்பி மாற்ற வேண்டும். எது நல்லது? சர்ச் கொயரில் வாசிக்கிறேன். விரல் நகரும்போதெல்லாம் கீச் கீச்சென்று ஸ்பீக்கரில் கேட்கிறது. கம்பி வாங்கச் சனிக்கிழமை திருவனந்தபுரம் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

களியக்காவிளை:
நாலு கம்பியா, அஞ்சா? கழுத்தில் குறுக்கே உலோக ஃபிரெட் உண்டா, அது இல்லாத ஃபிரெட்லெஸ்ஸா? இப்போது கிடக்கிற கம்பியின் கேஜ், அதாவது தடிமன், என்ன? ஃபிரெட்லெஸ் என்றால் ரவுண்ட் கம்பி மரத்தை அராவிவிடும் மக்களே.

குழித்துறை ரிதம்:
கம்பி போட்டு எத்தனை மாதம்? எல்லாம் நம்ம ஊர் ஈரம்தான். இடவப்பாதி மழையில் என் கம்பி மூன்றே வாரத்தில் கறுத்துப்போனது. ரவுண்டில் சுற்றுக்குச் சுற்று வியர்வை தங்கும். வாசித்ததும் துணியால் துடையுங்கள், போதும்.

பழைய கை:
கம்பி மேல் பழி போடாதே தம்பி. விரலைத் தூக்கி நகர்த்தப் பழகு. இருபது வருடமாக ரவுண்டில்தான் வாசிக்கிறேன். இதெல்லாம் முதல் மாதத்திலேயே படிக்க வேண்டிய பாடம்.

செங்கோட்டை:
அண்ணே, அவர் கேட்டது கம்பியைப் பற்றி. ரவுண்டில் வெளிச்சுற்று உருண்டைக் கம்பி, அந்த மேடுபள்ளத்தில் விரல் உரசித்தான் கீச் வருகிறது. ஃபிளாட்டில் சுற்றியிருப்பது பட்டை நாடா. வழுவழுவென்று இருக்கும், சத்தம் 'தும்' என்று அடங்கி நிற்கும். கீர்த்தனைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். கட்டைவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் அடிப்பதாக இருந்தால் ரவுண்டே போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஃபிளாட் பெரும்பாலும் கூடுதல் இறுக்கம். கழுத்து முன்பக்கம் வளைந்தால் அதை நிமிர்த்த உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

குழித்துறை ரிதம்:
அமெரிக்காவில் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேமர்சன் போட்டிருந்ததும் ஃபிளாட்தானே. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம்.

பழைய கை:
ஜேமர்சனை எல்லோரும் சொல்வீர்கள். 1960களில் ரோட்டோசவுண்ட் என்ற கம்பிக் கம்பெனியோடு சேர்ந்து பேஸுக்கான ரவுண்ட் கம்பியை உருவாக்கிய 'தி ஹூ' ராக் குழுவின் என்ட்விசிலை யார் நினைக்கிறீர்கள்? பேஸும் முன்னால் வந்து பேசும் என்று காட்டியவர் அவர்.

குழித்துறை ரிதம்:
முன்னால் வந்து பேச அது ராக் மேடை. கொயரில் பாட்டுதான் முன்னால் நிற்க வேண்டும்.

பழைய கை:
பேஸ் கேட்காவிட்டால் பாடுகிறவர்களுக்குச் சுருதி எங்கே பிடிக்கும்?

களியக்காவிளை:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மார்த்தாண்டம் பேஸ்:
மன்னிக்கவும், வேலை. நாலு கம்பி, ஃபிரெட் உண்டு. பழையது 45-105 கேஜ் ரவுண்ட். ஃபிளாட் வாங்கிப் போட்டேன், கீச் போய்விட்டது. நடுக் கழுத்தில் கம்பி கொஞ்சம் உயரமாக நிற்கிறது. எல்லோருக்கும் நன்றி.

செங்கோட்டை:
ஈ கம்பியை, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பியை, முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. அதைவிட இடைவெளி இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

களியக்காவிளை:
பார்த்தீர்களா?